காரணம்: இல்லை

மரபு இலை மருந்துப் பாதுகாப்பு ஆணையத்துக்குள் யார் போனாலும் முதலில் ஒரு கோப்பைக் கஷாயம் குடித்தாக வேண்டும். தபால் கொடுக்க வந்தவர், மின்விசிறி பழுது பார்க்க வந்தவர், வழி தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டவர், எல்லாருக்கும் இதே சட்டம்தான். குடித்து முடித்ததும் வாசலில் உள்ள பெரிய பதிவேட்டில் ‘குடித்தேன், நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பதிவேடுதான் ஆணையத்தின் ஆராய்ச்சி. பதினோரு வருடத்தில் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் குடித்திருக்கிறார்கள், அத்தனை பேரும் நலம். கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார்கள் என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கோப்பையின் முன்னால் நின்றவர் ஒரு பூட்டு ரிப்பேர்காரர். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே ‘சாவி’தான். முப்பது வருடமாகப் பூட்டோடு குடும்பம் நடத்தியதில், எந்தக் கதவும் பொறுமையாக நோண்டினால் திறந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு ஊறிப் போயிருந்தது. நல்ல மனிதர். ஆனால் அரசாங்க அலுவலகம் பக்கம் அதிகம் போனதில்லை.

“இது என்ன இலைங்க?” என்று கோப்பையைப் பார்த்துக் கேட்டார்.

“அதெல்லாம் கேக்கக் கூடாது. நம்பிக்கைதான் பாதி மருந்து” என்றார் பதிவேட்டுக்காரர்.

சாவி அங்கே வந்ததே ஒரு இலையைப் பற்றிப் புகார் சொல்லத்தான். அவர் மனைவி தையல்காரி. காலால் மிதிக்கும் மிஷினில் இருபது வருடம் மிதித்ததில் இரண்டு முழங்காலும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. யாரோ சொல்லி, மூட்டுத்தாங்கி இலைத்தூள் பொட்டலம் வாங்கி இரண்டு மாதமாகத் தினம் காலையில் வெந்நீரில் போட்டுக் குடித்தாள். பொட்டலத்தின் மேல் ஆணையத்தின் வட்ட முத்திரை இருந்தது. ‘இலை இருக்கக் கவலை இல்லை’ என்று முத்திரையைச் சுற்றி எழுதியிருந்தது. முழங்கால் வலி குறைந்தது உண்மை. போன வாரம் கண் மஞ்சளாகிவிட்டது. பிறகு சோறு இறங்கவில்லை, பிறகு எழுந்து உட்காரவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரல் அடி வாங்கியிருக்கிறது என்றார். இதில் இருப்பது உண்மையிலேயே மூட்டுத்தாங்கிதானா, இல்லை அதைப் போலவே இருக்கும் வேறு இலையா என்று தெரிந்தால்தான் வைத்தியம். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. கலப்பட இலையாக இருந்தால் அதற்கு ஒரு முறிவு மருந்து உண்டு, ஆனால் அது மத்தியக் கிடங்கில் பூட்டியிருக்கிறது. ஆணையத்தின் சோதனை அறிக்கை எண் இல்லாமல் கிடங்கு திறக்காது.

“நாலு நாள் தாங்குவாங்க. அதுக்குள்ள ஒரு வரி எழுதி வாங்கிட்டு வந்துடுங்க” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி, தானும் போன் பண்ணிப் பார்ப்பதாகச் சொன்னார். பண்ணவும் செய்தார். நோயாளியின் உறவினர் நேரில் வர வேண்டும் என்று பதில் வந்தது.

ஒரு வரி. அதை வாங்க நாலு நாள் எதற்கு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு சாவி மூக்கைப் பிடித்துக் கஷாயத்தைக் குடித்தார். ‘குடித்தேன், நலம்’ என்று எழுதினார். பொய் சொல்கிறோமே என்று கொஞ்சம் கூசியது.

புகார் படிவம் பதினாறு பக்கம். முதல் பதினைந்து பக்கமும் இலைகளின் பெருமை. கடைசிப் பக்கத்தில்தான் கட்டங்கள் இருந்தன. பாதிக்கப்பட்டவர் என்பதற்கு நேரே ‘என் மனைவி’ என்று எழுதினார். நோய் என்பதற்கு நேரே ‘ஈரல் கேடு’. காரணம் என்பதற்கு நேரே ‘இலை’. சுருக்கமாக, தெளிவாக எழுதியதில் அவருக்கே ஒரு திருப்தி. சன்னலுக்கு அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் பெண் வாங்கிக் கணினியில் ஏற்றினாள். விரல்கள் மழை மாதிரி பொழிந்தன. ரசீது வந்தது. “நாளைக்கு வாங்க சார்” என்று சன்னல் மூடிக்கொண்டது.

வாசலுக்கு வந்து ரசீதைப் படித்தார். நோய்: ஈரல் கேடு. காரணம்: இல்லை. அதற்குக் கீழே சிவப்பு மையில், ‘காரணம் இல்லாத நோய் என்பதால் புகார் தீர்த்து வைக்கப்பட்டது.’

சாவிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்ததும் சிரிப்பு வந்தது. ஒரே ஒரு ‘ல்’ கூடிப் போய்விட்டது. அவர் தொழிலில் இது சகஜம். சாவியில் ஒரு பல் கூடிவிட்டால் அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கஷாயம், மறுபடி நலம். தட்டச்சுப் பெண் ரசீதைப் பார்த்துவிட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டாள். அந்த அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நானூறு கடிதம் போகும். பக்க விளைவு இல்லை, ஆதாரம் இல்லை, வழிவகை இல்லை, அதிகாரி இருக்கையில் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் விரலுக்கு ‘இல்லை’ என்பது மூச்சு மாதிரி. இலைக்காகவே நடக்கிற அலுவலகத்தில் ‘இலை’ என்று தட்டச் சந்தர்ப்பமே வருவதில்லை.

“கை பழக்கம் சார். மன்னிச்சுக்கங்க. ஆனா ஏத்தினதை நான் எடுக்க முடியாது, எழுத்துப் பிழைப் பிரிவுக்குப் போங்க” என்றாள்.

எழுத்துப் பிழைப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. அதன் தலைவர் ஒரு புலவர். மேசை முழுக்க அகராதிகள். சாவி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. மூன்று வருடமாக அந்த அறைக்கு யாருமே வரவில்லையாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதை எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு ஒரு அகராதியைத் திறந்து பார்த்தார். அது போதாதென்று இன்னும் தடிமனான ஒன்றையும் திறந்தார்.

“பிழைன்னா என்ன தெரியுமா? அகராதியில இல்லாத சொல். ‘இல்லை’ங்கிறது அகராதியில இருக்கு. அழகான சொல். எழுத்து எல்லாம் சரியா இருக்கு. சரியா இருக்கிற சொல்லை நான் எப்படித் திருத்தறது?”

சாவி, தான் எழுதியது வேறு சொல் என்றார்.

“அதுவும் சரியான சொல்தான். ரெண்டும் சரி. அப்ப பிழை எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டு, புலவர் தமிழின் இனிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு ஒற்று கூடினால் இருப்பது இல்லாமல் போகிறதே, எந்த மொழியில் உண்டு இந்த அற்புதம் என்று நெக்குருகினார். சாவிக்கும் தமிழ் இனிக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே ஆஸ்பத்திரியில் மீதமிருந்த மூன்று நாளில் ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் புலவர் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். ‘மேற்படி ரசீதில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை எனச் சான்றளிக்கிறேன்.’ திருத்தம் கேட்டுப் போனவர், திருத்தத் தேவையில்லை என்ற சான்றோடு மாடி இறங்கினார்.

இறங்குகிற வழியில் ‘சோதனைக்கூடம்’ என்ற பலகையைப் பார்த்தார். கதவு பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்ததும் கை தானாகத் துறுதுறுத்தது, ஆனாலும் மரியாதையாகத் தட்டினார். கதவைத் திறந்தது நரைத்த தலைமுடியோடு ஒரு அம்மா. கூடத்தின் நடுவில் பெரிய இயந்திரம் ஒன்று, வந்த நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. அதன் மேல் யாரோ உலரப் போட்ட துண்டு கிடந்தது. இந்தச் சோதனைக்கூடத்தில் ஒரு பொட்டலத்துக்கு மூன்று சோதனைதான். நிறம் பச்சையா, மணம் வருகிறதா, மேலே ஆணையத்தின் முத்திரை இருக்கிறதா. மூன்றும் இருந்தால் அதற்கு முத்திரை கொடுப்பார்கள்.

அந்த அம்மா பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் கொட்டி, பொடியாகாத இலைத் துணுக்கு ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“மூட்டுத்தாங்கியோட முதுகுல ரோமம் இருக்கும். இதுல இல்ல, வழவழன்னு இருக்கு. இது பேய்த்தாங்கி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஈரலைத் தின்னுடும். எத்தனை நாளா குடிச்சாங்க?” என்றார்.

சாவி இரண்டு மாதம் என்றார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இதை ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று சாவி கும்பிட்டார். தனக்குத் தெரிந்ததைத் தான் எழுத முடியாது என்றார் அந்த அம்மா. ஃபைலில் காரணம் என்று ஒன்று இருந்தால்தான் சோதனைக்கு எண் விழும், எண் விழுந்தால்தான் தன் பேனாவுக்கு உரிமை. பதினோரு வருடத்தில் ஒரு எண்கூட விழவில்லையாம். “இயக்குநரைப் பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, எனக்கு ஓய்வுக்கு ஆறு மாசம்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டடத்திலேயே இலையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

டாக்டரம்மாவிடம் சாவி ஓடிப் போய்ச் சொன்னார். டாக்டரம்மா நம்பினார். நம்பி உடனே கிடங்குக்குப் போன் பண்ணினார். கிடங்கு எண் கேட்டது. டாக்டரம்மா போனை வைத்துவிட்டு, எண்ணோடு வரச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்.

புதன்கிழமை இயக்குநரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அவருடைய அறை பெரிய மண்டபம் போல இருந்தது. சுவரெங்கும் சட்டம் போட்ட இலைகள். இயக்குநர் நாற்காலியிலிருந்து மேசையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வரவேற்றார். பெரிய மனிதர் தனக்காக எழுந்தாரே என்று சாவி நெகிழ்ந்து போனார். சாவி சொன்னதையெல்லாம் இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேசினார். மேடையில் பேசிப் பேசி, தனியாக ஒருவரிடம் பேசும்போதும் அவருக்குச் சபை தேவைப்பட்டது. பார்வை சாவியின் தலைக்கு மேலேயே இருந்தது.

“இயற்கைக்குப் பக்க விளைவு கிடையாது. இது எங்க அடிப்படைக் கொள்கை. ஒரு பொருளுக்குப் பக்க விளைவு வந்துடுச்சுன்னா அது இயற்கை இல்லன்னு ஆகுது. இயற்கை இல்லன்னா அது எங்க ஆணையத்துக்குக் கீழ வராது. கீழ வராததைப் பத்தி நாங்க எப்படிப் புகார் எடுக்கறது? நாங்க புகார் எடுத்த இலைகள்ல ஒண்ணுகூட இதுவரைக்கும் கெடுதல் பண்ணினது இல்ல. ஏன்னா நாங்க புகார் எடுத்ததே இல்ல.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறியது. பெருமையில்தான். அதோடு நிற்கவில்லை. நம் முன்னோர்கள் முப்பது தலைமுறையாக இந்த இலையைக் குடித்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவராவது வந்து குறை சொன்னது உண்டா என்று கேட்டார். சாவி யோசித்துப் பார்த்தார். முன்னோர்கள் வந்து எதுவுமே சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

பொட்டலத்தில் இருப்பது பேய்த்தாங்கி என்று கேள்விப்பட்டதாக, யார் சொன்னார்கள் என்று சொல்லாமல், மெல்ல ஆரம்பித்தார். இயக்குநர் சட்டென்று நிமிர்ந்தார்.

“பேயா? இது விஞ்ஞான நிறுவனம். பேய் இருக்குன்னு நாங்க கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு ஊரே சிரிக்கும்.”

அது செடியின் பெயர் என்று சாவி விளக்க முயன்றார். இயக்குநர் கையை அமர்த்தினார். பிறகு அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். இது எழுத்துப் பிழை அல்ல என்று புலவர் சான்று கொடுத்துவிட்டதால், இனி இதைப் பொருள் மாற்றமாகத்தான் கொள்ள முடியும் என்றார். பொருள் மாற்றத்துக்கு வழி இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே, தெளிந்த மனதோடு, ‘என் நோய்க்குக் காரணம் உண்டு’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் காரணம் ஏற்கப்படும், எண் விழும். படிவத்தை எடுக்க இழுப்பறையைத் திறந்தவர், அதிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை ஒதுக்கி வைத்தார். இரண்டு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

“மூட்டு வலி” என்றார்.

சாவி, அவர் மனதில் எந்தக் குசும்பும் இல்லாமல், மூட்டுத்தாங்கி சாப்பிடக் கூடாதா சார் என்று கேட்டார்.

“எனக்கு ஒத்துக்காது. ஈரல் கொஞ்சம் வீக்” என்றார் இயக்குநர்.

வியாழக்கிழமை காலை சாவி படிவத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நாலாவது நாள். வார்டு வாசலில் கொழுந்தியாள் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாமா, அக்கா என்னைப் பாத்து யாருன்னு கேக்குது.”

படுக்கையில் மனைவி சின்னதாகிப் போயிருந்தாள். மஞ்சள் நிறம் உள்ளங்கை வரைக்கும் வந்துவிட்டது. கைவிரல்கள் போர்வையின் விளிம்பைப் பிடித்து நகர்த்திக்கொண்டே இருந்தன. மிஷினில் துணியை நகர்த்துகிற அதே நகர்த்தல். சாவி படிவத்தை அட்டையில் வைத்து அவள் நெஞ்சருகே பிடித்தார். இந்த மனுஷருக்கு இருபத்து மூன்று வருடத்தில் அவளிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்ட பழக்கம் இல்லை. கல்யாணத்தில்கூட இருவரும் கட்டைவிரல்தான் வைத்தார்கள், பேனா எழுதவில்லை என்பதால்.

“இந்தாம்மா, ஒரே ஒரு கையெழுத்து. போட்டா மருந்து வந்துடும்.”

அவள் கண் திறந்தாள். அவரைத் தெரிந்தது. தெரிந்ததே போதும் என்று அவருக்கு இருந்தது.

“என்னங்க எழுதியிருக்கு? படிங்க” என்றாள். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

“உனக்கு வந்த சீக்குக்குக் காரணம் இருக்குன்னு எழுதியிருக்கு.”

“இதுல என்ன சந்தேகம் அவங்களுக்கு?” என்றாள். உதடு லேசாகக் கோணியது. சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு, தையல் கூடத்தில் இருக்கிறவர்களிடம் அந்தப் பொட்டலத்தைக் குடிக்க வேண்டாமென்று சொல்லச் சொன்னாள். தான் சொல்லித்தான் இரண்டு பேர் வாங்கினார்கள் என்றாள். அவர் விரலைப் பிடித்துக் கொடுக்க, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். முதல் எழுத்து நன்றாக வந்தது. மீதி, கோடாக இழுத்துக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. போகட்டும், கையெழுத்து கையெழுத்துதானே. சாவி காகிதத்தை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

ஆணையத்தின் வாசலில் பதிவேட்டுக்காரர் கோப்பையை நீட்டினார். சாவி வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். அவசரத்தில் பாதி சட்டையில் சிந்தியது. ‘நலம்’ என்று எழுதினார்.

அன்றைக்கு எல்லாம் நடந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முடியாது என்று சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். புலவர் கையெழுத்துப் போட்டார், இயக்குநர் கையெழுத்துப் போட்டார், இருவருமே ஆளுக்கொரு வாழ்த்துச் சொன்னார்கள். ஆணையத்தின் வரலாற்றிலேயே காரணம் ஏற்கப்பட்ட முதல் புகார் இதுதான் என்று இயக்குநர் சொல்லி, ஒரு புகைப்படம் எடுக்கலாமா என்று கேட்டார். எடுத்தார்கள். சோதனைக்கூட அம்மாவுக்கு எண் விழுந்தது. அவர் மாடிப்படி இறங்கி, மூச்சு வாங்க, எழுதி வைத்திருந்த அறிக்கையைத் தன் கையாலேயே கொண்டுவந்து தட்டச்சுப் பெண்ணிடம் கொடுத்தார். செவ்வாய்க்கிழமையே எழுதிவிட்டார் போலிருக்கிறது.

தட்டச்சுப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். செய்த தப்புக்கு இன்றைக்காவது பரிகாரம் செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தாள். காரணம் என்ற இடத்தில் இருந்ததை அழித்து, ‘இ’ என்று தட்டி, நிறுத்தி, ‘லை’ என்று தட்டினாள். திரையைச் சாவியின் பக்கம் திருப்பிக் காட்டினாள். காரணம்: இலை.

“சரியா சார்?”

சரி என்று சாவி தலையாட்டினார். இன்னும் ஒரே ஒரு கட்டம்தான், அதை நிரப்பினால் அறிக்கை எண் அச்சாகிவிடும் என்றாள் அந்தப் பெண். கிடங்கு ஐந்து மணி வரைக்கும் திறந்திருக்கும். மணி மூன்றே கால்.

அப்போது சாவியின் சட்டைப் பையில் போன் அடித்தது. கொழுந்தியாள். அவள் மாமா என்று மட்டும்தான் சொன்னாள். பின்னால் வார்டில் யாரோ கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. சாவி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இணைப்பு அறுந்த பிறகும் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பையில் போட இரண்டு தடவை முயற்சி செய்தார்.

“பாதிக்கப்பட்டவர் தற்போது?” என்று தட்டச்சுப் பெண் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

சாவி ஏதோ சொன்னார்.

அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பழைய தப்பு மறுபடி நடந்துவிடக் கூடாதே என்று அவளுக்குக் கவலை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சன்னல் அருகே காதைக் கொண்டுவந்தாள்.

“தெளிவா சொல்லுங்க சார். ஒரு ‘ல’வா, ரெண்டு ‘ல’வா?”

“ரெண்டு” என்றார் சாவி.

அவள் இந்தத் தடவை சரியாகத் தட்டினாள்.